மேட்டுக்கு முன்னால் ஒரு கிளறல்

எங்கள் தெருவில் முதலில் காணாமல் போனது சர்க்கரை. அப்புறம் வாசல்களின் இரும்புக் கேட்டுகள். பீரங்கிக்கு உருக்க வேண்டுமென்று வண்டி கொண்டுவந்து கழற்றிப் போனார்கள். கடைசியாகத்தான் ஆண்கள் போனார்கள். எதற்கு அதிகம் அழுதோம் என்று என்னைக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். அதனால் கேட்காமல் இருப்பது நல்லது.

கேட் போனது எனக்கு ஒரு விதத்தில் வசதி. யார் வீட்டுக்குள் யார் நுழைகிறார்கள் என்று எக்கிப் பார்க்கும் சிரமம் இல்லை. எனக்கும் டிரைவர் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கினால் இந்தப் பக்கம் என் கண் கலங்கும். ஆகவே நான் சொல்லப் போவதில் பாதி நானே கண்டது, கேட்டது; மீதி அவளே என்னிடம் சொன்னது. ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால், சுவர் கட்டினவனைப் போய்க் கேட்கட்டும்.

டிரைவர் என்றால் அப்போது அவர்தான். நெட்டை ஆள். எங்கள் தெரு முனையில் பஸ்ஸை ஒரே வெட்டில் திருப்புவார், அதுவும் ஒரு கையால். இன்னொரு கை ஜன்னலுக்கு வெளியே யாருக்காவது வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கும். அவர் மனைவிக்கு அப்போது ‘டிரைவர் வீட்டுக்காரி’ என்றுதான் பெயர். கடையில் கத்தரிக்காய் வாங்கினாலும் அவருக்குப் பிடிக்குமா என்று யோசித்துவிட்டுத்தான் பையில் போடுவாள். பஸ்ஸில் ஏறினால் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, அவர் பிரேக் போடும்போதெல்லாம் தானும் தரையில் காலை அழுத்துவாள். சரியான பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொள்வேன். வேலை கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு என்ன தெரியும்?

அவரை ராணுவ லாரி ஓட்டக் கூட்டிப் போனார்கள். டிப்போவில் வண்டி இருந்தது, ஓட்ட ஆள் இல்லை. ‘ஆண்கள் திரும்பி வரும்வரை’ என்று பெரிதாக எழுதி ஒரு பலகை தொங்கவிட்டு, போன டிரைவர்களின் மனைவிமார்களைக் கூப்பிட்டார்கள். மற்ற வீடுகளில் மாமியார், மாமனார், மைத்துனர் என்று கூடிப் பேசி முடிவெடுப்பதற்குள் இவள் கணவரின் கால்சட்டையை வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டு போய் நின்றுவிட்டாள். தெரு வாயைப் பிளந்தது. நானும் என் பங்குக்குப் பிளந்தேன்.

“என்னடி இது கோலம்?” என்றேன்.

“அவர் வர்ற வரைக்கும்தான் அக்கா. பூச்சி அரிச்சுப் போறதுக்குப் பதிலா நான் போட்டுக்கறேன்.”

கொஞ்ச நாளில் பெட்ரோலும் நின்றது. எல்லாம் சண்டைக்குப் போய்விட்டது. டிப்போவில் பஸ்களுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பீப்பாயை மாட்டினார்கள். மேலே மரக்கரியைக் கொட்டி, அடியில் தணல் போட்டால், அந்தக் கரி புழுங்கிப் புழுங்கி ஒரு வாயு விடும். அதைக் குழாய் வழியாக இஞ்சினுக்கு இழுத்து வண்டி ஓடும். ஓடும் என்று சொல்வது மரியாதைக்கு. காலையில் அடுப்பு மூட்டி, அது சிவந்து வருவதற்குள் நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம். பஸ்ஸில் போய்வந்தால் உடம்பெல்லாம் இஸ்திரி போட்டதுபோல நாற்றம்.

சமதரையில் ஒருவாறு போய்விடும். மேட்டில்தான் மானம் போகும். எங்கள் தொழிற்சாலையோ மேட்டின் உச்சியில் இருந்தது. முன்பு அங்கே படுக்கை விரிப்பு நெய்தார்கள். இப்போது காயத்துக்குக் கட்டும் துணி. தெருப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் துணிச்சுருள் சுற்றினோம். மேட்டின் நடுவில் வண்டி இருமும், திணறும், நிற்கும். “இறங்குங்கம்மா, தள்ளுங்கம்மா” என்பார்கள். மழையோ வெயிலோ தள்ள வேண்டியதுதான். சண்டைக்குப் போனவர்கள் பீரங்கி தள்ளினார்கள், நாங்கள் பஸ் தள்ளினோம்.

அவள் வண்டியை மட்டும் யாரும் தள்ளியதில்லை. எப்படி என்று யாருக்கும் புரியவில்லை. மேட்டுக்கு முன்னால் தண்ணீர்க் குழாய் அருகே ஒரு நிறுத்தம். அங்கே நிறுத்திவிட்டு இறங்கிப் பின்னால் போவாள். கை கறுத்துத் திரும்பி வருவாள். டயர் பார்க்கிறாள் என்று நினைத்தோம். அப்புறம் வண்டி முனகிக்கொண்டே மேலே போய்விடும். “ராசியான கைம்மா உனக்கு” என்பாள் கண்டக்டர் வேலைக்கு வந்திருந்த தையல்காரி. இவள் சிரித்துக்கொண்டு பேசாமல் இருப்பாள்.

‘டிரைவர் வீட்டுக்காரி’ என்ற பெயர் எப்போது ‘டிரைவரம்மா’ ஆயிற்று என்று யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அவர் வருகிறார் என்ற செய்தியை டிப்போ மேலாளர்தான் கொண்டுவந்தார். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார். நாங்கள் கண்ணாடிக்காரர் என்போம். நல்ல மனுஷர், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை.

“உன் வீட்டுக்காரரை விடுவிச்சுட்டாங்கம்மா. கை கால் முழுசா வர்றார். அவர் வந்ததும் ஒரு சோதனை ஓட்டம் ஓட்டச் சொல்லிப் பார்ப்போம், சட்டதிட்டம்னு ஒண்ணு இருக்கு பாரு. அப்புறம் சீட்டு அவருக்கு. நீ நிம்மதியா வீட்ல இருக்கலாம்.”

கண்ணாடிக்காரர் போனதும் அவள் கொல்லைப் பக்கம் வந்து முகம் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

“அக்கா, சந்தோஷப்படணும் இல்ல?”

“படறியா இல்லியா?”

“படறேன். உசிரோட வர்றாரே. எத்தனை வீட்ல வரலே. படறேன்க்கா.”

“அப்ப மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்கே?”

“சோப்பு கண்ல பட்டுடுச்சு.”

அந்தக் காலத்தில் சோப்பு எங்கே இருந்தது? சாம்பலை வைத்துத்தான் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் வந்த அன்று ரயிலடியிலிருந்து அவள் வண்டியிலேயே வந்தார். நானும் அதில் இருந்தேன். தற்செயலாக என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளில் ஒரு பையோடு ஏறி, டிரைவர் சீட்டைப் பார்த்து ஒரு கணம் நின்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டிப் பிடித்து அழலாமென்றால் பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடிக்கிறது.

“டிக்கெட் வாங்கிக்கணுமா?” என்றார்.

“சீருடைக்கு இலவசம்ங்க” என்றாள் தையல்காரி, யாரென்று தெரியாமல்.

அவர் போய் அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். முதல் வளைவில் அவள் பிரேக் போட்டாள். அவருடைய பூட்ஸ் தரையை அழுத்தியது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனோ பாதியில் நின்றுவிட்டது.

வீட்டில் மகள், ஆறு வயதுக் குட்டி, கதவுக்குப் பின்னால் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்க எப்பத் திரும்பிப் போவீங்க?”

“இனிமே போக மாட்டேன் கண்ணு.”

“அப்ப அம்மா போவாளா?”

அதற்கு இருவரும் சிரித்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. ஒருவர் சிரிப்பு முன்னால் முடிந்தது, இன்னொருவர் சிரிப்பு கொஞ்சம் இழுத்தது.

அவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை. டீக் கோப்பையைத் தூக்கினால் மட்டும் இடது கை லேசாக ஆடும். நான் உற்றுப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: “ரொம்ப நாள் மோசமான ரோட்ல ஓட்டினேங்களா, நான் இறங்கிட்டேன், கை இன்னும் லாரியிலேயே இருக்கு.” கேலிக்காரர். அந்தக் கையாலேயே மகளைத் தூக்கிக் கழுத்தில் உட்காரவைத்துத் தெருவைச் சுற்றினார். பல் பிடுங்கினதுபோல வாசல்கள் இருந்த எங்கள் தெருவுக்கே ஒரு களை வந்தது. ஒரு ஆண் திரும்பி வந்திருக்கிறான் என்றால் சும்மாவா? ஆளாளுக்கு ஒரு கிழங்கு, ஒரு ரொட்டித் துண்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்கள். என்ன தேடினார்கள் என்று அவர்களுக்குத்தான் வெளிச்சம்.

ஓட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். நான் இந்தப் பக்கம் கிழிந்த காலுறை தைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவள் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். கரண்டி பாத்திரத்தில் படும் சத்தம் கேட்டது.

“இந்தா, உன்னை ஒண்ணு கேக்கணும்” என்றார் அவர். “நான் ஓட்டினதெல்லாம் பெட்ரோல் வண்டி. இந்தக் கரி வண்டியில ஏதாவது சூட்சுமம் இருக்கா?”

கரண்டிச் சத்தம் நின்றது.

“என்ன சூட்சுமம்? வண்டி வண்டிதான். கொஞ்சம் மெதுவா இழுக்கும். அவ்வளவுதான்.”

“அந்த மேடு?”

“மேடு... மேடுதான். ரெண்டாவது கியர்லயே போங்க.”

“டிரைவரம்மா சொன்னா சரி” என்று சிரித்தார். கரண்டிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். இதில் கவனிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று வீடு தள்ளித் தும்மினால் யார் என்று சொல்லும் என் காதுக்கு, அன்று ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் தொழிற்சாலைக்கு விடுமுறை. தண்ணீர்க் குழாய் நிறுத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஆட்களுக்குப் பதிலாக சீட்டுகளில் மணல் மூட்டைகளை ஏற்றியிருந்தார்கள். “இவங்களாவது நிறுத்தம் தாண்டிப் போச்சுன்னு என்கிட்ட சண்டைக்கு வர மாட்டாங்க” என்றாள் தையல்காரி. அவர் சவரம் செய்து, தன் பழைய தொப்பியை அணிந்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உடனே கிளப்பியிருக்கலாம். ஆனால் கண்ணாடிக்காரர் படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார். தியாகம் என்றார், தாய்நாடு என்றார், பெண்கள் ஆற்றிய பணி என்றார், தன் மைத்துனருக்கு முழங்காலில் குண்டு பட்ட கதையைச் சொன்னார். கூட்டம் கை தட்டிற்று. தட்டினால் நிறுத்துவார் என்று நினைத்தோம், அவர் உற்சாகமாகிவிட்டார்.

ஒருவழியாக இறங்கி, “போகலாம்” என்றார்.

வண்டி கிளம்பியது. கியர் மாற்றும் சத்தமே கேட்கவில்லை, அவ்வளவு பதமான கை. மேட்டில் கால்வாசி ஏறியது. பாதி ஏறியது. அப்புறம் இருமியது. இன்னும் ஒரு இருமல். நின்றுவிட்டது. அவர் மறுபடி கிளப்பிப் பார்த்தார். இஞ்சின் நோயாளி மாதிரி மூச்சு வாங்கியது, பிடிக்கவில்லை. பிரேக்கை மீறி வண்டி பின்னால் வழுக்க ஆரம்பித்தது. கூட்டம் அலறிக்கொண்டு சிதறியது. வண்டி வளைந்து வந்து ஓரக்கல்லில் இடித்து நின்றது. யாருக்கும் அடியில்லை. ஒரு மூட்டை வெடித்து ஜன்னல் வழியாக மணல் கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் இறங்கினார். இரண்டு கையும் ஆடிக்கொண்டிருந்தன. எல்லோரும் அந்தக் கைகளைத்தான் பார்த்தார்கள். அவரும் அவற்றைத்தான் பார்த்தார், வேறு யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தப்பா நினைக்காதீங்க. சண்டையில என்னென்ன பட்டீங்களோ. கை இப்படி இருக்கறப்ப, அத்தனை பேர் உசிரை எப்படி...”

“ஆமாங்க” என்றார் அவர். அவ்வளவுதான். பிரேக் சரியில்லை, வண்டி சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எல்லோரும் ஒன்றைப் பார்க்கும்போது நான் பார்க்கிறவர்களைப் பார்ப்பேன். அது என் பழக்கம். டிரைவரம்மா குழாய் ஓரத்தில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கணவரைப் பார்க்கவில்லை. வண்டியின் பின்னால் கரிப் பீப்பாயில் மாட்டியிருந்த நீளக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கோப்பை உடையும் சத்தம் அடிக்கடி கேட்டது. அதுவரை லேசாக ஆடிய கை, ஓட்டத்துக்குப் பிறகு நன்றாகவே ஆடியது. அவர் இடது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே நடமாடினார். டீயைக் கிண்ணத்தில் ஊற்றி மேஜையில் வைத்துக் குனிந்து குடித்தார். மகள் தூக்கச் சொல்லி வந்தால், “வேணாம் கண்ணு, அப்பா கை வழுக்கிடும்” என்பார். இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

ரொட்டி வரிசையில் எங்கள் பெண்கள் அவள் காதுபடவே அங்கலாய்த்தார்கள்.

“நரம்பு போச்சாம். இனி ஒண்ணும் பண்ண முடியாதாம்.”

“ஆள் முழுசா வந்தார்னு நினைச்சோம். உள்ளே உடைஞ்சு வந்திருக்கார்.”

“நீ முன்னாடி போம்மா, உனக்கு எவ்வளவு பாரம். வழி விடுங்கடி அவளுக்கு.”

வரிசையில் இடம் விட்டுக் கொடுப்பது அந்நாளில் சொத்து எழுதிக் கொடுப்பதற்குச் சமம். அவளைத் தள்ளித் தள்ளி முன்னுக்குக் கொண்டுபோனார்கள். அவள் திருடி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தாள். நான் பின்னாலேயே வந்தேன்.

கொல்லைக் குழாயடியில்தான் சொன்னாள். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, மூடவில்லை.

“அக்கா, அவர் கை மேல தப்பு இல்லே.”

“என்னடி சொல்றே?”

“கொஞ்ச நேரம் ஓடினாலே கரிக்கு அடியில சாம்பல் கட்டி தட்டிடும். தணலுக்கு மூச்சு முட்டிடும். சமதரையில தெரியாது. மேட்டுல தெரியும். அதனால மேட்டுக்கு முன்னாடி கம்பியை விட்டு உடைச்சுக் கிளறணும். கிளறிட்டுக் கொஞ்சம் நிக்கணும். நானே கண்டுபிடிச்சேன். யாருக்கும் சொல்லலே.”

எனக்கு அப்போதுதான் அந்தக் கறுத்த கைகள் புரிந்தன.

“அன்னைக்குக் கண்ணாடிக்காரர் பேசப் பேச, புகை வெள்ளையா மாறிச்சு. தணல் சாகுதுன்னு அர்த்தம். எனக்கு நின்ன இடத்துலேந்தே தெரிஞ்சுது. ஓடிப்போய் ரெண்டு கிளறு கிளறியிருக்கலாம். கால் நகரலே.”

“அது போகட்டும். முந்தின நாள் வாயைத் திறந்து கேட்டாரே, சூட்சுமம் இருக்கான்னு?”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சுவரைக் கேளு. ஏன்டி சொல்லலே?”

அவள் வாளியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “மேட்டு மேல ஏறினதும் ஊர் முழுக்கக் கீழே தெரியும்க்கா. கூரை கூரையா. பின்னாடி நீங்க அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கீங்க. நான் நிறுத்தினா நிக்குது, திருப்பினா திரும்புது. கல்யாணம் ஆன நாள்லேந்து நான் திருப்பி எதுவும் திரும்பினதில்லே. ஒரு வார்த்தை சொன்னா அது போயிடும். வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.”

“இப்ப சொல்லிடேன்.”

“எப்படிச் சொல்ல? ‘உங்க கை நல்லாத்தான் இருக்கு, நான்தான் கெட்டவ’ன்னா? அவர் சண்டையை நினைச்சு அழறார்க்கா. குண்டு போட்டவனைத் திட்டறார். அவன் பண்ணலே, நான் பண்ணினேன்.”

நான்தான் குழாயை மூடினேன். ஒரு சேதி கையில் கிடைத்தால் அது ஆறுவதற்குள் நாலு வீட்டில் பரிமாறுகிறவள் நான். அதை மட்டும் எந்த வீட்டுக்கும் கொண்டுபோகத் தோன்றவில்லை. வெந்த கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு துப்பவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் தெருவில் நடப்பதுபோல நடந்தேன். அவளைத் திட்டலாமென்றாலும், நான் சுற்றும் துணிச்சுருளின் ஞாபகம் வந்தது. சண்டை முடிந்தால் எங்களுக்கும் அந்த வேலை இல்லை. முடியட்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டோம்; எவ்வளவு சத்தமாக வேண்டிக்கொண்டோம் என்பது அவரவருக்குத் தெரியும்.

கடைசியில் முடிச்சை இறுக்கியது கண்ணாடிக்காரரின் நல்ல மனசு. கரி அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் ஒரு ஆள் போட மேலிடம் சொல்லியிருந்தது. டிரைவரம்மா வீட்டுக்காரர் சும்மா இருக்கிறாரே என்று அவரை எடுத்துக்கொண்டார். அதுவும் எந்த வண்டியில்?

“வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் ஒரே வண்டி” என்றார் முகமெல்லாம் பல்லாக. “பொருத்தமா இருக்கும்.”

முதல் நாள் நல்ல மழை. வண்டியில் நிற்க இடமில்லை. நான் கடைசி சீட்டில், ஜன்னல் ஓரம். கண்ணாடி போன ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தார்கள். பலகைக்கு நடுவில் ஒரு இடுக்கு. அதன் வழியே பார்த்தால் வெளியே பீப்பாய்க்குப் பக்கத்தில் சின்ன இரும்புத் தட்டில் அவர் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் டிப்போவில் அடுப்பு மூட்டக் காட்டிக் கொடுத்திருந்தார்கள், கரி போடக் காட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் மட்டும் கண்டுபிடித்ததை யார் காட்டிக் கொடுப்பது?

குழாய் நிறுத்தத்தில் வண்டி நின்றது. அவள் பேசாமல் கிளப்பினால் பாதி மேட்டில் நிற்கும். இத்தனை பேரோடு பின்னால் வழுக்கும். இறங்கிப் போய் அவளே கிளறினால், ஏன், எதற்கு என்று அவர் கேட்பார். ‘இங்கே கிளறுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொன்னாலோ, அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் வந்துவிடும்.

ஏற வேண்டியவர்கள் ஏறியாயிற்று. தையல்காரி விசில் ஊதினாள். வண்டி நகரவில்லை. இன்னொரு தடவை ஊதினாள்.

“என்னம்மா, தூங்கிட்டியா?”

“தொழிற்சாலையில சங்கு ஊதிடும்மா!” என்று யாரோ கத்தினார்கள்.

டிரைவர் கதவு திறக்கும் சத்தம். மழையில் நனைந்துகொண்டே அவள் பின்னால் வந்தாள். நான் பலகையில் காதை வைத்தேன். ஆமாம், வைத்தேன்.

“இங்க கிளறணும்.”

“எதை?”

“அடியில. அந்தக் கம்பியைக் கீழ் வாயில விட்டு, சாம்பல் கட்டியை உடைச்சுத் தள்ளணும். புகை வெள்ளையா இருக்கு பாருங்க. அது மாறுற வரைக்கும் நிக்கணும். அப்புறம்தான் மேடு.”

சூடான பீப்பாயில் மழை விழுந்து சுள் சுள்ளென்றது.

“தினமுமா?”

“தினமும்தான். ஒவ்வொரு தடவையும்.”

“இல்லேன்னா?”

“பாதியில நின்னுடும்.”

அவர் உட்கார்ந்திருந்த இரும்புத் தட்டு கிரீச்சிட்டது.

“யார் ஓட்டினாலுமா?”

இடுக்கு வழியாக அவள் முகம் தெரிந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்காமல் நின்றாள்.

“யார் ஓட்டினாலும்” என்றாள்.

அவர் எழுந்தார். கம்பியை எடுத்தார். கீழ் வாயைத் திறந்து உள்ளே விட்டுக் குத்தினார். மெதுவாக ஆரம்பித்து, அப்புறம் வேகமாக, வண்டியே குலுங்கும்படி குத்தினார். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் “அப்பாடா, என்ன பலம்!” என்றார்கள். சாம்பல் கட்டிகள் சேற்றில் விழுந்து புகைந்தன. புகையின் வெண்மை மெல்ல மெல்லப் போயிற்று. அவர் கம்பியை அதன் இடத்தில் மாட்டினார்.

“போய் உட்காரு. ஆளுங்க காத்திருக்காங்க.”

வண்டி மேடேறியது. ஒரு இருமல் இல்லை. எந்த இடத்தில் அன்று நின்றதோ அதைத் தாண்டும்போது நான் இடுக்கில் பார்த்தேன். அவர் ஓரக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பின்னால் போய், சின்னதாகி, வளைவில் மறையும்வரை பார்த்தார்.

உச்சியில் எல்லோரும் இறங்கித் தொழிற்சாலைக்குள் ஓடினார்கள். எனக்கு மட்டும் செருப்பு வார் அறுந்துவிட்டது. அறுந்ததாக வைத்துக்கொண்டு குனிந்து நின்றேன். அவள் இறங்கி வந்தாள்.

“நீங்க ஓட்டுங்க. டிப்போவுல நான் சொல்லிடறேன். நடந்ததை நடந்தபடியே சொல்றேன். மறுபடி ஓட்டிக் காட்டுங்க.”

அவர் இடது கையைப் பையிலிருந்து எடுத்து மழையில் நீட்டினார். கறுத்திருந்தது. ஆடிக்கொண்டிருந்தது.

“பாரு, இது ஆடத்தான் செய்யுது” என்றார். “இது பாட்டுக்கு ஆடிட்டிருக்கு. நான் எல்லாப் பழியையும் தூக்கி இது மேல போட்டேன். குழந்தையைக்கூடத் தூக்கலே.”

“திட்டுங்க. அடிக்கக்கூட அடிங்க.”

“கீழே அடுத்த ஷிப்ட் ஆளுங்க நனைஞ்சுட்டு நிப்பாங்க.”

அவள் போய் டிரைவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். “ஏறுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், ஏறுங்க.”

அவர் சீட்டைப் பார்த்தார். ஒரு அடி வைத்தார் என்றுகூட எனக்குத் தோன்றியது. பிறகு தலையை ஆட்டினார்.

“இனி இறக்கம்தானே. இறக்கத்துல மணல் மூட்டைகூட ஓட்டும்.”

சொல்லிவிட்டுப் பின்னால் போய் அந்த இரும்புத் தட்டில் உட்கார்ந்து சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அவள் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள். பிறகு அவளே ஏறினாள்.

தொழிற்சாலைச் சங்கு ஊதிவிட்டது. நான் போகவில்லை. வண்டி திரும்பி இறங்க ஆரம்பித்தது. அந்த வண்டி அந்த இறக்கத்தில் சாதாரணமாகச் சறுக்கிக்கொண்டு போகும். நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போடுவோம். அன்று அவள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரேக்கை அழுத்தி அழுத்தி, பின்னால் ஒரு நிறைந்த பாத்திரத்தை ஏற்றிக்கொண்டு போகிறவள் மாதிரி இறங்கினாள். அவ்வளவு மெதுவாக ஒரு பஸ் போய் நான் பார்த்ததில்லை. வளைவு திரும்பும்வரை அந்தச் சாக்கு மூடிய முதுகு திரும்பவேயில்லை.

உள்ளே போனதும் மேற்பார்வைக்காரி பிடித்துக்கொண்டாள். “ஏன் லேட்டு? டிரைவரம்மா வண்டிதானே, அது எங்கேயும் நிக்காதே. கூட வந்தவங்க எல்லாம் வந்தாச்சு. என்ன ஆச்சு?”

சுற்றிலும் எல்லாப் பெண்களும் சுருளை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தார்கள். என்னிடமிருந்து ஏதாவது வரும் என்று அவர்களுக்குப் பழக்கம்.

“மழை” என்றேன்.